லூனன்பேர்க்கில் ஒரு தங்கச்சி

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு தமிழ் முகத்தையும் பார்ப்பதில்லை என்று ஸ்ரனிஸ்லாஸ் முடிவெடுத்தார். வீட்டிலிருந்த முகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதை விட்டுவிட்டுப் போக வழி தெரியவில்லை. தவிர, சமைக்கவும் ஆள் வேண்டும்.

முடிவெடுத்த இடம் ஹம் நகரத்தில் அவருடைய மூன்றாம் மாடி வீட்டுக் குளியலறை. பெரிய முடிவுகளை அவர் அங்கேதான் எடுப்பார். அந்த வீட்டில் உள்ளே பூட்டுப் போடக்கூடிய ஒரே அறை அதுதான். ஜேர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்து முடிந்ததற்கு அடுத்த வருஷம். கம்பி செய்யும் தொழிற்சாலையில் வருஷம் முழுக்க இயந்திரச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவருடைய காதுக்குள் ஒரு வண்டு குடியேறியிருந்தது. ஊர்லாப் என்று கிடைக்கிற அந்த மூன்று கிழமை லீவில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அமைதி.

ஆனால் மனைவி சிவகௌரிக்கு ஊர்லாப் என்றால் கனடா, கனடா என்றால் ரொறொன்ரோ, ரொறொன்ரோ என்றால் சொந்தக்காரர். இருவரும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி அகதி முகாமில் சந்தித்துக் காதலித்துக் கட்டியவர்கள். ஆகையால் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் யாரென்று தேடிப்போய்த் திட்ட ஸ்ரனிஸ்லாசுக்கு ஆளில்லை. வேதக்காரப் பெடியனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம், கல்யாணத்துக்கும் வரமாட்டோம் என்று அன்றைக்கு முறுக்கிக்கொண்டு நின்ற அதே சொந்தங்கள்தான், இப்போது அவர் ரொறொன்ரோவில் இறங்கினால் கையைப் பிடித்தால் விடுகிறார்கள் இல்லை.

கடைசியாகப் போனபோது பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. மத்தியானம் ஒரு வீடு, பின்னேரம் ஒரு வீடு, இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு வீடு. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் தேத்தண்ணியோடு எழும்பினால், அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும். கனடாவில் என்ன பார்த்தீர்கள் என்று தொழிற்சாலையில் கேட்டார்கள். அவர் பார்த்தது சோபாக்களை. நயாகரா நீர்வீழ்ச்சியைக்கூட சகலன் தவநாயகத்தின் வீடியோவில்தான் பார்த்தார். அதிலும் நீர்வீழ்ச்சியை மறைத்துக்கொண்டு தவநாயகம் நின்றார். அந்த மனுஷன் தன் வீடு குடிபுகுந்த விழாவின் படத்தை, அதே வீட்டில் இருத்தி வைத்து, மூன்று மணித்தியாலம் போட்டுக் காட்டியவர்.

இந்த முறை ஸ்ரனிஸ்லாஸ் புத்தியைப் பாவித்தார். கனடாவே வேண்டாம் என்றால் வீட்டில் கண்ணீர் ஓடும். ஆகவே கனடாவுக்கே போவோம் என்று அவராக அறிவித்தார். சிவகௌரியின் முகம் மலர்ந்தது. மலர்ந்து முடிய முன்னமே மிச்சத்தையும் சொன்னார். பிராங்பேர்ட்டிலிருந்து ஹலிபாக்சுக்கு நேரே ஒரு விமானம் போகிறது. கனடாவின் கிழக்குக் கரை. அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்துச் சின்னச் சின்ன ஊர்களாகப் போய்க்கொண்டிருப்பது. தொழிற்சாலையில் கொடுத்த நாள்காட்டியில் யூலை மாதத்துக்கு அந்தப் பக்கத்துப் படம்தான் போட்டிருந்தார்கள். பாறை, பாறையில் ஒரு வெள்ளை வெளிச்சவீடு, சுற்றிவரக் கடல். படத்தில் ஒரு குருவிகூட இல்லை. அதுதான் அவருக்குப் பிடித்தது.

"ரெண்டு கண்டிசன்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "ரொறொன்ரோவிலை கால் வைக்கிறேல்லை. ஒரு சொந்தக்காரற்றை வீட்டுப் படியும் மிதிக்கிறேல்லை. ஓமோ?"

சிவகௌரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். பிறகு அந்த இடம் ரொறொன்ரோவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

"கார் ஓடினால் ரெண்டு நாள்," என்றார் அவர், அந்தத் தூரத்தைத் தானே போட்டு வைத்தவர் போல.

"அவ்வளவுதானோ," என்றாள் அவள். "சரியப்பா. ஓம்."

அவளுடைய கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தால்தான் வசதி. உண்மையில் அவருக்குத் தெரியும். அவளுடைய அக்கா, தவநாயகத்தின் மனைவி கலாதேவிக்குப் போன மாரியில் நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. அன்றைக்கு இவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதவள். தாய் இல்லாத வீட்டில் இவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு வளர்த்தது அந்த அக்காதான். ஸ்ரனிஸ்லாசின் மனதில் ஒரு முள் குத்தியது. அவர் நாள்காட்டிப் படத்தை இன்னொரு தரம் போய்ப் பார்த்தார். முள் எடுபட்டுவிட்டது.

ஆனாலும் மனுஷி இவ்வளவு லேசாக ஓமென்றது அவருக்கு இடித்தது. ஆகவே புறப்படுகிற கிழமையில் அவள் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய சூட்கேசைத் திறந்து சோதனை போட்டார். அவருடைய கணக்கு எளியது. உலகத்தில் எந்தத் தமிழ்ப் பெண்ணும் வெறுங்கையோடு சொந்தக்காரர் முன்னால் போய் நிற்க மாட்டாள். ஜேர்மனியிலிருந்து கனடாவுக்குப் போகிறவர்களின் சூட்கேசில் பாதிக்கு உடுப்பு இருக்கும், மீதி சொக்கிளேற்றாக இருக்கும். சொக்கிளேற் இருந்தால் சதி. இல்லாவிட்டால் நேர்மை.

மூலைமுடுக்கெல்லாம் கையை விட்டுத் துழாவினார். சேலைக்குள், சப்பாத்துக்குள், சோப்புப் பெட்டிக்குள். ஒரு சொக்கிளேற்றும் இல்லை. ஒரு ரொபிகூட இல்லை. தன் மனைவியைச் சந்தேகித்தோமே என்று வெட்கப்பட்டுப் போய், அன்றைக்குப் பாத்திரமெல்லாம் அவரே கழுவி வைத்தார்.

இனிமேல்தான் கீழ்வீட்டு பிறிங்க்மன் அம்மா கதைக்குள் வருகிறார்.

பிறிங்க்மன் அம்மா தனியாக இருக்கிற விதவை. மாடிப்படி கூட்டுகிற முறை யாருடையது, குப்பைத்தொட்டி எந்த நாளில் வெளியே வரவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கட்டிடத்தில் அவர் சொன்னபடிதான். ஸ்ரனிஸ்லாசுக்கு ஜேர்மன்காரர் மேல் ஒரு பெரிய நம்பிக்கை. அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார். அதற்குச் சாட்சியாக எப்போதும் பிறிங்க்மன் அம்மாவைத்தான் காட்டுவார். உங்களுடைய மீசை உங்களுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு நாள் படியில் வைத்து அவருக்கு நேரே சொன்ன மனுஷி அது. அப்படிப்பட்ட வாயிலிருந்து பொய் எப்படி வரும்?

புறப்படுவதற்கு முதல் நாள் அந்த அம்மா ஒரு பெரிய பார்சலோடு மேலே ஏறி வந்தார். மண்ணிறத் தாள், குறுக்கும் நெடுக்குமாக நூல்கட்டு. தன் தங்கச்சி ஹில்டா ஒரு மீன்பிடிகாரனைக் கட்டிக்கொண்டு கனடாவில் லூனன்பேர்க் என்ற ஊரில் இருக்கிறாள் என்றார். முன்னொரு காலத்தில் ஜேர்மன்காரர் போய்க் குடியேறிய ஊராம். ஜேர்மன் இனிப்பென்றால் ஹில்டாவுக்கு உயிராம். தபாலில் போட்டால் ஹில்டா கிழவியான பிறகுதான் போய்ச் சேருமாம். நீங்கள் அந்தப் பக்கம் போவதாகக் கேள்விப்பட்டேன் என்று நிறுத்தினார்.

ஸ்ரனிஸ்லாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். இருபது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறார். ஒரு ஜேர்மன்காரி தன் குடும்பத்துச் சாமானை நம்பிக் கையில் கொடுப்பது இதுவே முதல் தடவை. பார்சலை இரண்டு கையாலும் வாங்கினார். சிவகௌரி பின்னால் நின்று, உந்தப் பாரத்தை ஏனப்பா தூக்குவான் என்று முணுமுணுத்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். பார்சலுக்கு இடம் வேண்டுமென்று தன்னுடைய காற்சட்டைகளில் பாதியை வெளியே எடுத்து வைத்தார்.

ஹலிபாக்ஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, பிறர் தந்த சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஜேர்மன் நேர்மையில் ஊறிப்போன ஸ்ரனிஸ்லாஸ் உடனே பார்சலை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி நூலை அவிழ்த்தான். சொக்கிளேற், சொக்கிளேற்றுக்குக் கீழே சொக்கிளேற், அதற்கும் கீழே பிள்ளைகள் சப்புகிற கரடி இனிப்புப் பைகள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்னச் சின்னப் போத்தல்களில், கோடாலித் தைலம்.

ஸ்ரனிஸ்லாஸ் போத்தலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிறிங்க்மன் அம்மான்ரை முழங்கால் நோவுக்கு நான்தான் உந்தத் தைலத்தைப் பழக்கினனான்," என்றாள் சிவகௌரி. "தங்கச்சிக்கும் முழங்கால் நோவாக்கும். ஒரு ரத்தமெல்லே."

அவர் மனம் நெகிழ்ந்து போனார். நம்முடைய தைலம் எங்கேயெல்லாம் போகிறது பார் என்று அந்த அதிகாரிக்கு விளங்கப்படுத்தவும் தொடங்கினார். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னான்.

கார் எடுக்கிற இடத்தில் ஒரு சின்னச் சிக்கல். இரண்டு பேருக்கு எட்டு ஆசனம் போட்ட வானை அவர் பதிந்திருந்தார். அவராகப் பதியவில்லை. சின்னக் காரில் இருந்தால் தன்னுடைய இடுப்பு நாரி பிடிக்கும் என்று சிவகௌரி மாதக்கணக்கில் முனகியிருந்தாள். பெற்றோல் குடிக்கிற பூதம் என்று புறுபுறுத்தபடி ஏறினார். ஓடத் தொடங்கியதும் எல்லாம் மறந்து போயிற்று.

அடுத்து வந்த நாட்களை ஸ்ரனிஸ்லாஸ் செத்தாலும் மறக்க மாட்டார். நாள்காட்டியில் பார்த்த வெளிச்சவீடு அதே பாறையில் அப்படியே நின்றது. செஸ்ரரில் பாய்மரப் படகுகள் சத்தமில்லாமல் போய்வந்தன. மஹோன் பே என்ற ஊரில் தண்ணீர்க் கரையோரமாக மூன்று தேவாலயங்கள் வரிசையில் நின்றன. ஸ்ரனிஸ்லாஸ் மூன்றுக்குள்ளும் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்களே தவிர, எந்த ஊர், யாருடைய மகன், எத்தனை அறை வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. காதுக்குள் இருந்த வண்டுகூட வாயை மூடிக்கொண்டது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கடற்கரையில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிவகௌரி கைப்பைக்குள்ளிருந்து மிளகாய்த்தூளை எடுத்து இரண்டு பேருடைய மீனிலும் தூவினாள். அவர் பார்க்க அவள் தொலைபேசியைத் தொடவில்லை. அக்காவின் பெயரை எடுக்கவில்லை.

"பாத்தீரே," என்றார் அவர். "சொந்தக்காரர் இல்லாட்டிலும் மனிசர் உயிரோடை இருக்கலாம்."

"ஓமப்பா," என்றாள் அவள். "லூனன்பேர்க்குக்கு எப்ப போறம்? அந்த மனுசி பாவம், பாத்துக்கொண்டிருக்கும்."

முன்பின் தெரியாத ஹில்டாவுக்காக இவள் இப்படித் துடிக்கிறாளே என்று அவர் உருகினார். சனிக்கிழமை மத்தியானம் என்று சொன்னார். சொன்னால் சொன்னதுதான். ஜேர்மனியில் படித்த பழக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் லூனன்பேர்க். மேட்டிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்குகிற தெருக்கள், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பலகை வீடுகள், கடைப் பலகைகளில் ஜேர்மன் பெயர்கள். பிறிங்க்மன் அம்மா எழுதிக் கொடுத்த விலாசத்தில் பெரிய சிவப்பு வீடொன்று நின்றது. மீன்பிடிகாரன் நன்றாக உழைத்திருக்கிறான் என்று நினைத்தபடி ஸ்ரனிஸ்லாஸ் கண்ணாடியில் மீசையைச் சீவினார். பார்சலைத் தாம்பாளம் ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு படியேறினார். ஹில்டாவிடம் சொல்வதற்கு இலக்கணப் பிழை இல்லாமல் ஒரு ஜேர்மன் வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். மணியை அடித்தார்.

உள்ளேயிருந்து வாசம் வந்தது. பருப்பு வடை பொரிகிற வாசம். கைமருந்து மட்டுமில்லை, பலகாரமும் பழகிவிட்டார்கள் போல என்று அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு ஓடி முடிய முன்னம் கதவு திறந்தது.

இடுப்பில் சாரத்தோடு தவநாயகம் நின்றார்.

"வாரும் தம்பி," என்றார் தவநாயகம். "சொன்ன நேரத்துக்கு வந்திட்டீர். ஜேர்மன்காரன் எண்டால் ஜேர்மன்காரன்தான். அந்தப் பார்சலை இஞ்சை தாரும், பிள்ளையள் விடியத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருக்குதுகள்."

அவருக்குப் பின்னால், ரொறொன்ரோவில் தமிழர் நிறைந்த ஸ்காபரோ முழுவதும் நின்றது. இரண்டு வானில் இரண்டு நாள் ஓடி வந்திருந்தார்கள். பிள்ளைகள் அவருடைய கையிலேயே வைத்துப் பார்சலைப் பிய்த்தார்கள். ஒரு பெரியம்மா கோடாலித் தைலத்தைக் கண்டு, மருமகன் மறக்கேல்லை என்று அவரை வாழ்த்தினாள். வெறுங்கையோடு வரமாட்டாள் என்ற அவருடைய கணக்கில் பிழையே இல்லை. சொக்கிளேற்றைத் தூக்கி வந்த அந்தக் கை தானேதான் என்பது அவருக்கு அப்போது விளங்கிற்று. ஹில்டாவுக்கென்று பாடமாக்கிய வசனம் வீணாய்ப் போயிற்று.

குசினிக்குள் வைத்து மனைவியைப் பிடித்தார்.

"நீர் எனக்குத் தந்த வாக்கை முறிச்சுப் போட்டீர்."

"எந்த வாக்கு?" சிவகௌரி வடையைத் திருப்பிப் போட்டாள். "ரொறொன்ரோவிலை கால் வைக்கக்கூடாது எண்டனீங்கள். வைச்சனானே?"

"சொந்தக்காரற்றை வீட்டுப் படி..."

"இது ஆற்றை வீடு? வெள்ளைக்காரன் ஒருத்தன் வாடகைக்கு விடுற வீடு. அவன் எனக்கு என்ன முறை? நான் அவையளிட்டைப் போகேல்லை, அவையள் வந்திருக்கினம். வாற ஆக்களைப் பற்றி நீங்கள் ஒரு கண்டிசனும் போடேல்லையப்பா."

அவர் யோசித்துப் பார்த்தார். போடவில்லைத்தான்.

"வடை சூடாயிருக்கு, ஒண்டு சாப்பிடுங்கோ," என்றாள் அவள்.

எட்டு ஆசனம் எதற்கு என்பது அடுத்த நாள் காலையில் தெரிந்தது. ஸ்காபரோ வான்களில் ஆட்கள் பிதுங்கிக்கொண்டு வந்திருந்தார்களாம். மிச்சப் பயணத்துக்கு ஸ்ரனிஸ்லாசின் வானில் மூன்று மாமிமாரும் ஒரு சித்தப்பாவும் ஏறினார்கள். நாரி பிடிக்கும் என்று சொன்னவள் அக்காவோடு நெருக்கிக்கொண்டு பின் ஆசனத்தில் இருந்தாள். முன்னுக்கு அவருக்குப் பக்கத்தில் தவநாயகம். ஷெல்பேர்ண், யாமத், டிக்பி என்று அவர் அமைதிக்காகத் தேர்ந்து வைத்த ஊர்களிலெல்லாம் மூன்று வான் வரிசையாகப் போய் நின்றது. கடற்கரை வாங்குகளில் புளிச்சாதம் விரிந்தது. வாயைத் திறக்காத மீனவக் கிழவர்களிடம் எத்தனை அறை வீடு என்று தவநாயகம் விசாரித்தார். மனைவியின் ஒப்பரேஷன் வீடியோவையும் எடுத்து வந்திருந்தார், ஆனால் தங்கின விடுதியில் அதைப் போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. கடவுள் இருக்கிறார் என்று ஸ்ரனிஸ்லாஸ் அன்றைக்குத்தான் முழுதாக நம்பினார்.

டிக்பியில் ஒரு பின்னேரம் அநேகம் பேர் தூங்கிப்போக, அவர் தனியாக இறங்குதுறைப் பக்கம் நடந்தார். பலகையின் விளிம்பில் அக்காவும் தங்கையும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். கலாதேவி கையை முழுக்க உயர்த்த ஏலாமல் மெல்ல மெல்லச் சிவகௌரிக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சிவகௌரி எதற்கோ சிரித்தாள். அகதி முகாமில் ஜேர்மன் சொல் ஒன்றும் வாயில் நுழையாமல் சிரித்த அதே சிரிப்பு. அதைக் கேட்டுத்தான் அவர் அந்தக் காலத்தில் விழுந்தார். எத்தனை வருஷமாகத் தன் வீட்டில் அதைக் கேட்கவில்லை என்று எண்ணிப் பார்த்தார். தான் ஒரு கல்நெஞ்சன் என்று பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினார். திரும்புகிற வழியில் தவநாயகம் பிடித்துக்கொண்டார்.

ஹம்முக்கு வந்து சேர்ந்தபோது மனைவி மேல் இருந்த கோபம் முழுதும் கரைந்திருந்தது. ஆனால் கோபம் என்று ஒன்று எங்கேயாவது நிற்க வேண்டுமே. அது கீழ்வீட்டு வாசலில் போய் நின்றது. சொந்தச் சனம் ஏமாற்றினால் தாங்கலாம். ஜேர்மன்காரி பொய் சொல்வதா?

மணியை அடித்தார். பிறிங்க்மன் அம்மா கதவைத் திறந்தார். கையில் பாதி கடித்த றோல்ஸ். சிவகௌரி சூட்கேசைத் திறக்க முன்னமே பொரித்து அனுப்பியிருக்கிறாள்.

உங்களுக்கு ஹில்டா என்று ஒரு தங்கச்சி இருக்கிறாளா என்று நேரே கேட்டார் ஸ்ரனிஸ்லாஸ்.

இல்லை என்றார் அந்த அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. உங்கள் மனைவி எத்தனையோ வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு றோல்ஸ் கொண்டுவந்து தருகிறாள். நீங்கள் ஒரு நாளாவது ஏதாவது தந்தீர்களா? மீசையும் அப்படியேதான் இருக்கிறது.

ஸ்ரனிஸ்லாசுக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிற வருஷம் பாருங்கள் என்றார். ஐஸ்லாந்துக்குப் போகிறேன். பனியும் நெருப்புமலையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. எவளுடைய சொந்தமும் இல்லை, யாருக்கும் பார்சலும் இல்லை.

"நல்ல யோசனை," என்றார் பிறிங்க்மன் அம்மா, மிச்ச றோல்சை வாயில் போட்டுக்கொண்டு. "ஊரின் பெயரை மட்டும் கொஞ்சம் முந்திச் சொல்லிவிடுங்கள். அங்கே எனக்கு ஒரு தங்கச்சி வேண்டும்."